சிரிக்க வைக்கிற உத்தியோகம்

திருக்கனூர்க் கடைத்தெரு வாசகர் ஒருவர்: என் மகன் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, ‘டிவிக்கு காமெடி எழுதப்போறேன்’ என்கிறான். என்ன செய்யட்டும்?

முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு நகைச்சுவை எழுத்தாளர் கிரேஸி மோகன் கதையைச் சொல்லுங்கள். அவரும் கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவர்தான். 1972-இல் கல்லூரியிலேயே ‘கிரேட் பேங்க் ராபரி’ நாடகம் எழுதினார். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் நாடகம். 1976-இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். ‘கிரேஸி’ பெயரோடு ஒட்டிக்கொண்டது. சொந்தக் குழு 1979-இல். உங்கள் பிள்ளையும் வேலைக்குப் போகட்டும், எழுதவும் எழுதட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை இப்போதே விடவேண்டாம்.

வாதானூர் வாசகி: நாடகம் எழுதுவதும் டிவிக்கு எழுதுவதும் ஒன்றுதானே?

இல்லை அம்மா. மேடையில் ஒரு வசனம் எடுபட்டதா இல்லையா என்று முன்வரிசை அந்த நொடியே சொல்லிவிடும். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனத்தை எடுத்தால் பாதி காதில் விழாது. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதும் எழுத்தில் சேர்த்தி. டிவியில் எதிரே இருப்பது கேமரா, அது சிரிக்காது. மோகன் ‘விடாது சிரிப்பு’ போன்ற தொடர்களுக்கு வந்தபோது பல வருட மேடைச் சிரிப்பு காதில் ஏறியிருந்தது. மேடையில் பழகாமல் நேரே டிவிக்கு எழுதுகிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சோரப்பட்டு மாணவர்: எனக்கு ஜோக் நிறையத் தெரியும். போதுமா?

போதாது தம்பி. மோகன் வசனம் எழுதிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் ஜனகராஜ் இன்ஸ்பெக்டர். ஏதோ பெரிய துப்புத் துலக்கிவிட்டதாகப் பேசுவார். பக்கத்தில் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜி உருகி உருகிப் பாராட்டுவார். வசனத்தைத் தனியே எடுத்துப் பார், ஜோக் என்று ஒன்றும் இருக்காது. துப்பு தப்பு என்று நமக்குத் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சிரிப்பு வருவது அங்கேதான். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் சாம்பாருக்குள் மீன் விழும் கல்யாண வீட்டுக் காட்சியும் இதே வேலைப்பாடுதான். யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பி. ஜோக் தானாக வரும்.

செட்டிப்பட்டு வாசகர்: இரட்டை அர்த்தம் இல்லாமல் முடியுமா?

முடியும். மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்துக்குக் குடும்பத்தோடுதான் போனார்கள்.

சுத்துக்கேணி வாசகர்: நம் ஊர்ப்பக்கம் இதையெல்லாம் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து வைக்கும்போது கட்டியங்காரனைப் பாருங்கள். துரியோதனன் சபையில் அவர் சேவகன். அடுத்த நிமிஷம் நம் தெரு ஆள். ரேஷன் கடை, கரும்புப் பாக்கி, பஸ் வராத கதை எல்லாம் மகாபாரதத்துக்குள் வந்துவிடும். தானே கட்டி, தானே பேசி, தானே ஆடுகிறார். டிவி எழுத்தாளர் நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. நடுச்சாமத்தில் கூட்டம் தூங்கி விழும்போது எந்தச் சொல்லில் நிறுத்தி எழுப்புகிறார் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுவாரம் அதே செட்டு எந்த ஊரில் ஆடுகிறது என்று கேட்டு அங்கேயும் போங்கள். கட்டம் அதேதான், பேச்சு மாறியிருக்கும். ஏன் மாற்றினார் என்று அவரையே கேளுங்கள். வேஷம் கலைத்துக்கொண்டே சொல்லுவார்.