பிந்திப் பிறந்த முதல் வரைவு: போர்ட்ஃபோலியோ குறித்த ஓர் ஆய்வு

வடிவமைப்புப் படிப்பில் இடம் தேடும் மாணவர், தம் திறனுக்குச் சான்றாகத் தேர்வுக் குழுவின் முன் வைக்கும் படைப்புத் தொகுப்பு போர்ட்ஃபோலியோ எனப்படும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் 12 முதல் 20 வரை படைப்புகள் கேட்கிறது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் முதுநிலைப் படிப்புக்கான நேர்காணலில் தொகுப்பைப் பார்வையிடுகிறது. கேட்பவர் யாராயினும், தொகுப்பின் உள்ளடக்கம் மூவகைப்படும்.

முதலாவது கைத்திறன் வகை: பென்சிலில் வரைந்த ஒற்றைக் கண், கசக்கிய காகிதம், வலக்கையில் பென்சில் இருப்பதால் எப்போதும் இடக்கையாகவே அமைந்துவிடும் கை ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது சமூக அக்கறை வகை, அதாவது ஒருவரின் அன்றாடச் சிரமத்தைத் தீர்க்கச் செய்த பொருள். இதில் பயனாளர் பெரும்பாலும் மாணவரின் பாட்டியே, ஏனெனில் கடைசி வாரத்தில் வீட்டைவிட்டு நகராமல் கிடைக்கும் பயனாளர் அவர் ஒருவரே. மூன்றாவது 'பிராசஸ்' பக்கம். அதாவது, முடிந்த பொருளைக் காட்டிலும் அது உருவான வழியை மதிக்கும் தேர்வாளருக்காக, மாணவர் தடுமாறியதையும் திருத்தியதையும் படிப்படியாகக் காட்டும் பக்கம். சிறப்பாக ஆராயத்தக்கது இதுவே.

இப்பக்கத்தின் காலக்கணக்கு விந்தையானது. பொருள் முதலில் செய்து முடிக்கப்படுகிறது; அதன் முதல் வரைவு அதற்குப் பின்னரே பிறக்கிறது. முடிந்த விளக்கை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதைவிடச் சற்றே கோணலான விளக்கு ஒன்றும் மிகக் கோணலான விளக்கு ஒன்றும் வரையப்பட்டு, பின்னதன்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி இடப்படுகிறது. எல்லாம் ஓரிரவு வேலை என்று தெரியாதிருக்க மூன்று பேனாக்கள் மாற்றப்படுகின்றன. தாளின் மூலையில் டிக்காஷன் கறை படியவிடப்படுகிறது. சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகள் படம் எடுத்ததும் உரிக்கப்படுகின்றன. இதனை மோசடி என்பாரும் உளர், அது பொருந்தாது. கோணலை நேராக்குவதைவிட, நேரானதைப் பார்த்தபடியே நம்பத்தக்க கோணலை வரைவது அரிய திறன் என்க.

இவ்வழக்கத்துக்கு எதிர்ச்சான்று மேற்சொன்ன அகமதாபாத் நிறுவனத்தின் பிறப்பிலேயே உள்ளது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையை ஒட்டியே அது 1961இல் தொடங்கப்பட்டது. அவ்வறிக்கை, இந்நாட்டில் கண்டு வியந்த பொருள்களுள் தலையாயது அன்றாட நீர்ப்பாத்திரமான செம்பு எனக் கூறி, அது கொள்ளும் அளவு, தலையிலும் இடுப்பிலும் சுமக்கும் வாகு, நிறைந்தபோதும் வெறிதாயிருக்கும்போதும் நிற்கும் சமநிலை, நீர் ஊற்றும் விதம், துலக்கும் எளிமை, விலை என வினாக்களை அடுக்கி, தனியொருவரால் அதை வடிவமைத்திருக்க இயலாது, பல தலைமுறைகளின் கைப்பட்டே அது உருவாயிற்று என்று முடித்தது.

எனவே, செம்பு இன்று நேர்காணலுக்கு வருமாயின் தேறாது. அதற்கு வரைவு இல்லை. கைவிட்ட மாற்று வடிவங்களுக்குச் சான்று இல்லை. 'இதில் உங்கள் பங்கு என்ன?' என்ற கேள்விக்கு விடையும் இல்லை. தலைமுறைகளின் தடுமாற்றம் தாளில் தடயம் விடவில்லை. தடயம் கேட்கும் குழுவுக்கோ தலைமுறைக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. இந்தச் சிக்கலுக்கு மாணவர் கண்ட தீர்வே பிந்திப் பிறந்த முதல் வரைவு. பயனாளர் குழுவே என்பதை உணர்ந்து, அதன் தேவையை ஆராய்ந்து, உரிய காலத்தில், குறைந்த செலவில் செய்யப்பட்டதால், அத்தொகுப்பில் முறைப்படி வடிவமைக்கப்பட்ட பொருள் அது ஒன்றே எனத் துணியலாம்.