நாக்கை நீட்டு ராசா!

கேள்வி: வெள்ளைக்காரனுக்குத் திடீரென்று பள்ளிப் பிள்ளைகள் மேல் அப்படி என்ன அக்கறை? (பேகம்பூர் வாசகர்)

பிள்ளைப் பாசமா? பட்டாளப் பாசம்! தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு (1899-1902) இங்கிலாந்தில் ஆள் எடுத்தபோது, வந்த இளவட்டங்களில் பலர் நோஞ்சான் என்று மிரண்டுபோனார்கள். 1906இல் பள்ளியில் சோறு போடச் சட்டம், 1907இல் உடம்பைப் பார்க்கச் சட்டம். துப்பாக்கி தூக்கத் தோள் வேண்டுமே!

கேள்வி: நம் நாட்டில்? (அதே ஆசாமி)

1909இல் பரோடா சமஸ்தானத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தார்கள். மற்ற இடங்களில் ஆமை வேகம். 1946இல் போர் கமிட்டி (சண்டையில்லை சாமி, ஜோசப் போர் என்கிற மனிதர்) தேடிப் பார்த்துவிட்டு, பள்ளிச் சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ள இங்கே அநேகமாக ஒன்றுமில்லை என்று கையை விரித்தது. அங்கே போயரால் தொடங்கியது, இங்கே போரால் அம்பலமானது.

கேள்வி: அந்தக் காலத் திண்டுக்கல் பையனுக்குக் காய்ச்சல் வந்தால்? (நத்தம் வாசகி)

பாட்டி, கஷாயம், திருநீறு. அதையும் மீறினால் அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரி. எட்வர்ட் செஸ்டர் என்று ஒரு பாதிரியார் டாக்டராகவும் இருந்தார். உடம்பு, ஆன்மா இரண்டுக்கும் ஒரே கவுன்ட்டர்!

பள்ளிக்கூடம் தேடி வந்தவர் அம்மை குத்துகிறவர்தான். அவர் பையைக் கண்டதுமே பின்வாசல் வழியே பாதி வகுப்பு காலி.

கேள்வி: மாமா, உங்களைப் பள்ளியில் டாக்டர் சோதித்தாரா? (ஒட்டன்சத்திரம் மாணவி)

சோதித்தாரே! நாக்கை நீட்டு, கண்ணைத் திற, அட்டையைப் படி. முன்னால் நின்ற ஏழு பேர் கத்திப் படித்ததில் எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். ‘பார்வை பிரமாதம்’ என்று சீட்டில் எழுதினார். கரும்பலகை மட்டும் இரண்டு வருஷம் கழித்து, கண்ணாடி போட்டதும்தான் தெரிந்தது.

கேள்வி: நர்ஸ் போதாதா, டாக்டர் எதற்கு? (பழனி ரோடு வாசகர்)

நியூயார்க்கில் டாக்டர் வருவார், சிரங்கைப் பார்த்ததும் ‘வீட்டுக்குப் போ’ என்பார். அந்தப் பிள்ளை சாயங்காலம் தெருவில் அதே கூட்டாளிகளோடு விளையாடும்! 1902இல் லினா ரோஜர்ஸ் என்கிற நர்ஸ் மருந்தைத் தடவி வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். அவர் வருவதற்கு முன், அந்த செப்டம்பரில் வீட்டுக்கு விரட்டப்பட்டவர்கள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101.

பார்த்துவிட்டு மருந்து தராமல் போவது, பூட்டை விற்றுச் சாவியைக் கல்லாவில் வைத்துக்கொள்கிற வியாபாரம். திண்டுக்கல்காரரிடம் நடக்குமா?

கேள்வி: மாத்திரை முக்கியமா, சோறு முக்கியமா? (வடமதுரை வாசகர்)

வெறும் வயிற்றில் மாத்திரையா? 1920இலேயே சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டுப் பார்த்தது. பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. இன்று அந்தக் காசுக்குக் கறிவேப்பிலை கேளுங்கள், கடைக்காரர் முறைப்பார்.

கேள்வி: நம் பக்கத்துப் பெருமை ஒன்று சொல்லுங்களேன். (ஆத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சௌந்தரம் அம்மா! டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், டாக்டர். காரில் போகவேண்டியவர் 1947இல் சின்னாளபட்டியில் சின்னதாக ஒரு வைத்தியசாலை திறந்தார். அது காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1962இல் திண்டுக்கல் அவரை டில்லிக்கு அனுப்பியது. அங்கே கிடைத்தது கல்வித் துறைத் துணை அமைச்சர் நாற்காலி. ஸ்டெதஸ்கோப்பும் சாக்பீஸும் ஒரே கையில்! உங்கள் ஆத்தூர் அதற்கு முன்பே, 1952இல், அவரைச் சட்டசபைக்கு அனுப்பியதே. மறந்தாச்சா வாத்தியாரே?

கேள்வி: குடற்புழு மாத்திரையை வகுப்பிலேயே கடித்துத் தின்னச் சொல்கிறார்களாமே, என்ன அவசரம்? (வேடசந்தூர் வாசகி)

வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது எங்கே போகும் என்று டீச்சருக்குத் தெரியும். ஜன்னலோரச் செம்பருத்திக்கு வயிற்றுப் பூச்சி கிடையாதம்மா!