யூரியா மாப்பிள்ளைக்கு ஒரு வாழ்த்து மடல்

பெறுநர்: விநியோகப் பிரிவுத் தலைவர் அவர்கள், பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் உர நிறுவனம்.

பொருள்: தங்கள் விநியோகத்தின் அருமை பெருமை.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊர் உரக்கடைச் சுவரில் தங்கள் நிறுவனம் ஒட்டியிருக்கும் புதுச் சுவரொட்டியைப் படித்தேன். கையில் நெற்கதிரோடு ஒரு விவசாயி சிரிக்கிறார். தலைக்கு மேலே, 'வாடிக்கையாளரை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த விநியோகம்'. அவர் வேட்டி அப்படியொரு வெள்ளை. உரக்கடைப் பக்கமே வந்திராத மனிதர் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எழுத்தெழுத்தாகப் படிக்க எனக்கு நேரம் கிடைத்தது. வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது.

சம்பா தூர் கட்டும் நேரம். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டு மேலுரம் போட்டால் பயிர் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூட்டை யூரியா கேட்டேன்.

"தரேண்ணே. கூட ரெண்டு குப்பி, ஒரு ஜிங்க் பாக்கெட் வரும்."

"அதெல்லாம் வேண்டாம் தம்பி, மூட்டை மட்டும் போடு."

"அப்டின்னா ஸ்டாக் இல்லண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வந்திருப்பது வியாபாரத்துக்கு இல்லை, சம்பந்தம் பேச. பெண்ணைப் பெற்றவன் நான். பெண் வயலில் வெளிறிப்போய் நிற்கிறாள். மாப்பிள்ளை யூரியா. அவர் தனியாக வருவாரா? மாப்பிள்ளைத் தோழன் வேண்டாமா? நானோ உரமாக அரை லிட்டர் குப்பியில் அடைபட்டு வருகிறாரே, அவர்தான் தோழன். ஜிங்க் பாக்கெட் தாய்மாமன். போன குறுவைக்குக் கடற்பாசிக் குருணை ஒன்று மைத்துனர் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கியது. அத்தனை பேரையும் உபசரித்து அனுப்ப வேண்டியது பெண் வீட்டார் பொறுப்பு. முறை தெரியாமல் "மூட்டை மட்டும்" என்று கேட்ட என் அநாகரிகத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

வரதட்சணையில் தங்கள் நேர்மையைக் குறை சொல்ல மாட்டேன். அரசு நிர்ணயித்தபடி 45 கிலோ மூட்டைக்கு வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. பில்லிலும் அதேதான். சீர்வரிசைதான் பில்லுக்கு வெளியே. குப்பிக்கும் பாக்கெட்டுக்கும் ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் கூட்டி, கூட்டியதைக் காட்டிவிட்டு, சீட்டைக் கசக்கிக் கல்லாவுக்குக் கீழே போட்டார் தம்பி.

ஜிங்க் கெட்டது என்று சொல்லவில்லை. நடவுக்கு முன்பே மணலோடு கலந்து ஏக்கருக்குப் பத்து கிலோ போட்டாயிற்று. பயிர் தூர் கட்டும்போது மறுபடி தாய்மாமன் எதற்கு? தோழன் சமாசாரம் இன்னும் விசேஷம். அவரை இலையில் தெளிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் தெளித்தால் நேராக வடிகாலுக்குப் போவார். தெளிக்கிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது என்பதைப் பற்றித் தங்கள் சுவரொட்டி மௌனம் சாதிக்கிறது.

ஆனால் தங்கள் ஏற்பாட்டில் ஒருங்கிணைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். மூட்டை சரக்கு ரயிலில் வந்து இறங்குவது, லாரியில் ஏறுவது, கூட்டுறவுச் சங்கத்துக்கு எவ்வளவு, தனியார் கடைக்கு எவ்வளவு, எல்லாம் அரசின் ஒருங்கிணைந்த உர மேலாண்மைக் கணினியில் ஏறிவிடுகிறது. கடை வாசலில் நின்றபடியே என் மகன் போனில் தட்டிப் பார்த்தான். அந்தக் கடையில் யூரியா இருப்பு இருந்தது. மாப்பிள்ளை உள்ளே அலங்காரத்தில் இருக்கிறார், சீர் பேசி முடிந்தால்தான் வெளியே வருவார் என்பது மட்டும் கணினிக்குத் தெரியவில்லை. குப்பிக்குச் சரி என்றதும் கொல்லைப்புறக் கதவு திறந்தது.

அழைப்பிதழையும் பாராட்ட வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து எந்த வீட்டு மாப்பிள்ளையானாலும் பெயர் 'பாரத்'. சாக்கில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசுத் திட்டத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும், மிச்சத்தில் தங்கள் நிறுவனத்தின் பெயர். தோழனின் குப்பியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதில் தங்கள் பெயர் பளபளவென்று முழு உயரத்துக்கு இருக்கிறது. யார் தங்கள் செல்லப்பிள்ளை என்று விளங்கிவிட்டது.

கடைக்காரத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. "என்னை என்னண்ணே பண்ணச் சொல்றீங்க? லோடு வேணும்னா இத்தனை பெட்டி குப்பி எடுத்தாதான் உண்டுங்கிறாங்க கம்பெனில. நான் யாரு தலையில கட்டுறது?" என்றார். அவர் காலடியில் பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்தன. விலைக்கட்டுப்பாடு உள்ள யூரியாவில் தங்களுக்கும் பெரிதாக எதுவும் நிற்காது, அவருக்கும் நிற்காது. காசு குப்பியில்தான். அதைத் தங்கள் ஆள் அவர் தலையில் கட்டுகிறார், அவர் என் தலையில் கட்டுகிறார். நான் கட்ட எனக்குக் கீழே தவளைதான் இருக்கிறது.

எனக்கு முன்னால் நின்ற ஆயா குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். குப்பிக்கும் சேர்த்தே பணம் எண்ணி வைத்திருந்தார். பிஓஎஸ் மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். தம்பி சாக்பீஸ் தூளைத் தடவி வைக்கச் சொன்னார். இடது கையை வைத்தார். "விரல் எடுக்கல ஆயா, மகனக் கூட்டிட்டு வா." மகன் திருப்பூரில் இருக்கிறான். வாக்காளர் அட்டையையோ கிசான் கிரெடிட் கார்டையோ வைத்துக்கூட உரம் கொடுக்கலாம் என்றுதான் விதி. யாரும் அந்தம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன், "மெஷின்ல அதெல்லாம் சிக்கல்ணே" என்றார் தம்பி. நாற்பது வருஷம் நாற்றுப் பறித்தும் களை எடுத்தும் தேய்ந்த விரல் அது. 2018 முதல் அந்த விரல் பதிந்த பிறகுதான் உங்களுக்கு மானியம் வருகிறது. அவருக்கு வருவதில்லை ஐயா, உங்களுக்கு. உங்கள் பணத்துக்குச் சாவி அந்த விரலில் இருக்கிறது, அந்த விரலுக்குச் சொந்தக்காரியை வெறுங்கையோடு வெயிலில் அனுப்புகிறீர்கள். இதற்கு வாடிக்கையாளர் மையம் என்று சுவரில் எழுத உங்களுக்குக் கூசவில்லையா?

மன்னிக்கவும். கல்யாண வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது.

மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் எல்லா முதலமைச்சர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். மானிய உரத்தோடு நானோ உரத்தையும் உயிரூக்கிகளையும் கட்டாயப்படுத்தி விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை எந்த ரயிலில் ஏற்றினார்களோ, எங்கள் கடையில் இன்னும் இறங்கவில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். மரியாதையாக உட்காரவைத்தார்கள். "குப்பிக்கு பில் இருக்கா?" என்று கேட்டார்கள். கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது என்றேன்.

தங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளை வயலுக்குப் போய்விட்டார். தோழன்மார் இருவரும் தாய்மாமனும் என் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் தங்கியிருக்கிறார்கள். மூடி பிரிக்கவில்லை. விருந்து முடிந்தது, கூட்டிப்போக ஒரு வண்டி அனுப்பவும். டிரைவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினால் போதும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். பெருவிரல்தான் வேண்டும் என்றால் அதுவும் சரி, இப்போதைக்கு என்னுடையது பதிகிறது.

இப்படிக்கு,
பெண் வீட்டார்