ஃபார்மட் அடிக்கும் முன்

கே: 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப். இன்றும் சிணுங்காமல் ஓடுகிறது. விண்டோஸ் 11 போடப் போனால் 'தகுதி இல்லை' என்கிறது. கணினியில் என்ன கோளாறு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ப: கோளாறு எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு கோடு கிழித்தது, உங்கள் கணினி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். அத்தனையும் இருந்தாலும் பிராசஸர் அவர்கள் பட்டியலில் இருந்தாக வேண்டும். இன்டெல்லில் அந்தப் பட்டியல் அநேகமாக 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. 2016-இல் கடைகளில் விற்றவை அதற்கு முந்தியவை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பென்ஷன் கணக்கைத் திறந்து பார்க்கிற கணினியில் அந்தப் பரிசோதனை வேண்டாம். லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு, காசும் இல்லை. நன்றாக ஓடுகிற கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

கே: என் லேப்டாப் 2020 மாடல். எனக்கும் அதே 'தகுதி இல்லை'!
— கடை கணக்கர், திருப்பூர்

ப: உங்கள் கணினியில் பெரும்பாலும் எல்லாம் இருக்கும், ஒரு சுவிட்ச்தான் அணைந்திருக்கும். பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள். செக்யூர் பூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஐ.எஸ்.ஓ. கோப்பை டவுன்லோடு செய்து, பென்டிரைவில் காப்பி செய்து, செருகினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: காப்பி செய்தால் போதாது. அந்தக் கோப்பைப் பிரித்து, பூட் ஆகும் விதத்தில் பென்டிரைவில் எழுத வேண்டும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் இருக்கிறது. எந்த ஐ.எஸ்.ஓ.வுக்கும் ரூஃபஸ் இருக்கிறது. இரண்டும் இலவசம். 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். அதில் ஏற்கெனவே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் புராஜெக்ட் கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

'நானே பிரித்துப் போட்டுக்கொள்கிறேன்' என்று இறங்கினாலும் ஓரிடத்தில் முட்டும். பயாஸ் எளிதாகப் படிக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் முதன்மைக் கோப்பு இப்போது அதைவிடப் பெரிதாக வருவது சகஜம். ரூஃபஸ் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

கே: புது லேப்டாப். 'விண்டோஸை எங்கே நிறுவ?' என்று கேட்கிற திரையில் பட்டியல் காலி. எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். வாங்கட்டுமா?
— வாசகர், சேலம்

ப: பர்ஸை உள்ளே வையுங்கள். முதலில் பயாஸைத் திறந்து, எஸ்.எஸ்.டி.யின் பெயர் அங்கே தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்கலாம். அப்போதும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான். தெரிகிறது என்றால் எஸ்.எஸ்.டி. உயிரோடு இருக்கிறது. விண்டோஸுக்குத்தான் அதனுடன் பேசத் தெரியவில்லை.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற அமைப்பு போட்டபடியே வருகிறது. எஸ்.எஸ்.டி.யை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இல்லாவிட்டால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். அது செட்டப் கோப்பாக வந்தால் அப்படியே வைத்துப் பயனில்லை. விரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரை பென்டிரைவில் போட வேண்டும். பிறகு அதே காலித் திரையில் 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்தி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். எஸ்.எஸ்.டி. பட்டியலில் வந்துவிடும்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவது இன்னொரு வழி, சுலபமும்கூட. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருந்து, அது உங்களுக்கு வேண்டும் என்றால் அணைக்காதீர்கள். வி.எம்.டி. இருக்கும்போது ஏறிய விண்டோஸ், அது இல்லாவிட்டால் நீலத் திரை காட்டி நின்றுவிடும்.

கே: ஹார்ட் டிஸ்க் தெரிகிறது. ஆனால் 'இதில் எம்.பி.ஆர். இருப்பதால் நிறுவ முடியாது' என்று வருகிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

ப: டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் யு.இ.எஃப்.ஐ. என்ற புது முறையில் பூட் செய்திருக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. புது முறைக்கு ஜி.பி.டி. வேண்டும். டிஸ்கில் வேண்டியது எதுவும் இல்லை என்றால் எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்துவிட்டு, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். விண்டோஸே ஜி.பி.டி.யாக மாற்றிக்கொள்ளும். வேண்டியது இருக்கிறது, பழைய விண்டோஸும் ஓடுகிறது என்றால் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றும். அழிக்காது என்றாலும் பேக்கப் எடுத்த பிறகே அதைத் தொடுங்கள்.

கே: முதல் முறை 37 சதவீதத்தில் நின்றது. அடுத்த முறை 62. கடைசியில் 80070570 என்று முடிகிற ஏதோ எண். எனக்குக் கணினி ராசி இல்லையா?
— இல்லத்தரசி, மதுரை

ப: ராசிக்கு இதில் வேலையே இல்லை. அந்த எண்ணை எழுதிவைத்தீர்களே, பாதி வேலை முடிந்தது. பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடிவிட்டு, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்பது அந்த எண்ணுக்கு அர்த்தம். எங்கே சிதைந்தது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நான் முதலில் பென்டிரைவையும் ஐ.எஸ்.ஓ.வையும் சந்தேகிப்பேன். உங்களுக்கு இடம் மாறி மாறி நிற்கிறது. என் சந்தேகம் ரேம் மீது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி முயலுங்கள், பிறகு மற்றதை. மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் சந்தேகம் தீரும். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

ரேம் சுத்தம் என்றால் வேறு பென்டிரைவ், கணினியின் பின்பக்க யு.எஸ்.பி. துளை, புதிதாக இறக்கிய ஐ.எஸ்.ஓ. என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியில்தான் ஹார்ட் டிஸ்க். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதன் உடல்நிலையைச் சொல்லிவிடும்.

கே: நிறுவல் பாதியில் கரண்ட் போய்விட்டது!
— வாசகர், விழுப்புரம்

ப: அப்கிரேடு என்றால் பெரும்பாலும் தானாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடும், காத்திருங்கள். புதிதாகப் போட்டது என்றால் முதலிலிருந்து. அடுத்த முறை யு.பி.எஸ்.ஸோடு.

கே: நிறுவி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், மறுபடியும் முதல் திரைக்கே வருகிறது.
— வாசகர், நாகர்கோவில்

ப: பென்டிரைவை உருவுங்கள்.

கே: கடையில் கொடுத்தால் கிராக் போட்ட விண்டோஸ்தான் போட்டுத் தருகிறார்கள். ஒரிஜினலுக்குத் திரும்பவும் பணம் கட்டணுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

ப: விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே லைசென்ஸ் சாவி மதர்போர்டுக்குள் பதிந்தே வருகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே உயிர்பெறும். வாங்கும்போது ஹோம் என்றால் ஹோம்தான் போட வேண்டும், ப்ரோ போட்டால் அந்தச் சாவி சேராது. காசு கொடுத்து வாங்கிய உரிமையைத் தூக்கிவைத்துவிட்டு, கிராக்கோடு என்னென்ன வருமோ என்று தெரியாத ஒன்றை ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

கே: நிறுவல் தோற்றுவிட்டது, பழைய விண்டோஸும் திறக்கவில்லை. மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்தன. ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள்.
— தந்தை, திண்டுக்கல்

ப: அடிக்காதீர்கள். யார் சொன்னாலும். விண்டோஸ் திறக்கவில்லை என்பதால் படங்கள் போய்விட்டன என்று பொருள் இல்லை. வேறு ஒரு கணினியில் உபுண்டுவைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டிஸ்க் அதில் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகிக் காப்பி செய்யுங்கள். நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்து உறுதி செய்தபிறகு மற்ற வேலை.

பூட்டு போட்டதாகக் காட்டினால் அது பிட்லாக்கர். 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். ஏற்கெனவே யாராவது ஃபார்மட் அடித்துவிட்டார்கள் என்றால் கணினியை உடனே அணையுங்கள், ஒரு கோப்புகூடப் புதிதாக எழுத வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்பு குறைவு. அழித்த இடத்தை அது தானே துப்புரவாக்கிவிடும்.

கே: எல்லாம் முடிந்தது. இப்போது வை-ஃபையே வரவில்லை. இணையம் இல்லாமல் அடுத்த திரைக்கும் விடமாட்டேன் என்கிறது!
— வாசகர், புதுச்சேரி

ப: வை-ஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கணினியில் இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கைப் போடுங்கள். போனின் இணையம் கேபிள் வழியாகவே வந்துவிடும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், அநேகமாக வை-ஃபை டிரைவரை அதுவே கொண்டுவந்துவிடும்.