புது எஞ்சினில் ஒழுகும் கூலன்ட்: ஓர் அளவையியல் ஆய்வு

எஞ்சினை இறக்கி, ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பிடித்து, மேலே பெயின்டும் அடித்து ஏற்றிய அம்பாசிடர் ஒன்றின் கீழே, மறுநாள் விடியலில் பச்சையாக ஈரம் தென்படுமாயின், அதன் பிறப்பிடம் யாது? 2014-இல் உத்தர்பாரா ஆலை நின்றபோது இவ்வூர்தியைப் பற்றி எழுதப்பட்ட ஏக்கக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அதன் ஒழுக்கை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

இவ்விஷயத்தில் முன்னோர் கொள்கைகள் இரண்டு. முதலாவது உரிமையாளர் மரபு: “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு.” பெரிய பில்லுக்குப் பெரிய காரணமே தகும் என்பது இதன் உட்கிடை. இரண்டாவது மெக்கானிக் மரபு: “புது எஞ்சின் சார். ரெண்டு நாள் ஓடட்டும், செட் ஆயிடும்.” இதை எள்ளி ஒதுக்குவது எளிது; ஆனால் இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. புதிதாக நீர் நிரப்பிய பிளாக்கில் காற்று அடைபட்டிருக்கும். அது வெளியேற வெளியேற ரேடியேட்டரில் மட்டம் இறங்கும். ஆக, ஒழுக்கு இல்லாமலே குறைவு உண்டாகலாம். தரையில் கிடக்கும் பச்சைக்கு மட்டும் இக்கொள்கையில் விடை கிடையாது.

பொருளை அறியும் வழி மூன்று: காண்டல், கருதல், உரை.

காண்டலில் முதல் எச்சரிக்கை, சொட்டும் இடத்தை நம்பலாகாது என்பது. தெர்மோஸ்டாட் மூடியருகே கசியும் நீர் பிளாக்கின் மேடுபள்ளங்களில் வழிந்து, ஆயில் சம்ப்பின் ஏதோ ஒரு போல்ட்டின் நுனியில் வந்து தொங்கும். வண்டி ஓடுகையில் காற்று அதைக் கியர்பாக்ஸ் வரை இழுத்துப்போகும். கீழே படுத்துப் பார்ப்பவர் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்வார். கியர்பாக்ஸில் கூலன்ட்டே கிடையாது. எஞ்சினைத் துடைத்து உலர்த்தி, டார்ச்சுடன் மேலிருந்து கீழாகத் தேடுவதே முறை. காய்ந்த கசிவு வெளிறிய பொருக்காகத் தடம் வைத்திருக்கும். நிறமும் மணமும் இல்லாத நீராயின் அது ஏ.சி. தண்ணீர், நம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது. வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட். முகர்வதோடு நிறுத்துக. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தெருநாய் இந்த வேறுபாடு அறியாது என்பதால் தரையையும் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது கருதல். மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டெனத் துணிவார்கள் தருக்க நூலார். சைலன்சரில் வெண்புகை கண்டால் தண்ணீர் உண்டெனத் துணிவார் மெக்கானிக். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்து, ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் எரிந்த வாயு பட்டு மஞ்சளானால், உரிமையாளர் மரபு வென்றது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்காமல் ‘கை அளவே அளவு’ என்றிருந்தால் அப்படி நேரும். இவ்வடையாளங்கள் இல்லையேல் ஹெட்டைத் தொடுவது வீண்செலவு.

கருதலுக்குத் துணையாவது பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் இதை மாட்டி, மூடிக்குரிய அழுத்தம் வரை பம்ப் அடித்து முள்ளைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்வது முக்கியம். சில ஒழுக்குகள் குளிரில் மட்டுமே வாழ்பவை: ரப்பரும் உலோகமும் சுருங்கினால் கசியும், சூடேறினால் அடைத்துக்கொள்ளும். விடியலில் சொட்டிய வண்டி நண்பகலில் ஒர்க்‌ஷாப் போனதும் யோக்கியமாக நிற்பதும், “ஒண்ணுமே இல்லையே சார்” என்ற தீர்ப்பு வருவதும் இதனால்தான்.

வாட்டர் பாடி எனப்படும் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை தனி மரியாதைக்குரியது. அது ஒழுகுவதற்கென்றே படைக்கப்பட்டது. உள்ளே சீல் தேய்ந்தால் நீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறிச் செய்தி சொல்லும் வழி அது. அதை எம்-சீல் வைத்து அடைக்கும் பக்தர்களும் உளர். பிளாக் வார்க்கும்போது உள்ளிருக்கும் மணலை வெளியே எடுக்கும் துளைகளை மூடும் வெல்ச் பிளக்குகளில், பின்பக்கத்தது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும். ஆகையால் அதை எல்லோரும் கடைசியாகச் சந்தேகிக்கிறார்கள்.

உரை என்பது டீக்கடைப் பெரியவர் வாக்கு: “ரேடியேட்டர்ல ஒரு கைப்பிடி மஞ்சத்தூள் போடுப்பா.” பொய்யில்லை, ஊசித்துளையை மஞ்சள் அடைக்கவும் கூடும். ஒழுகாத குழாய்களையும் அதே அன்போடு அடைக்கும்.

எம் துணிபு: விலை குறைந்த பொருளிலிருந்தே சந்தேகத்தைத் தொடங்குக. எஞ்சின் வேலையில் விலையுயர்ந்தவை எல்லாம் புதிதாகின்றன. ஹோஸ் கிளிப் மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றப்பட்டு, மரை தேய்ந்த நிலையிலேயே திரும்பவும் மாட்டப்படுகிறது. புது ஹோஸாக இருந்தாலும், முதல் சில சூட்டில் ரப்பர் அமுங்கிக் கிளிப் தளர்ந்துவிடும். மறுபடி ஒரு திருகு வேண்டும். நம் அம்பாசிடரிலும் குற்றவாளி கீழ் ஹோஸின் கிளிப்தான். அதை உரிமையாளரே வாங்கி மாற்றினார், தரை உலர்ந்தது. மெக்கானிக் மரபு இதைத் தன் கொள்கைக்குச் சான்றாகப் பதிவு செய்துகொண்டது: “அப்பவே சொன்னேன்ல சார், செட் ஆயிடும்னு.”