தாடிக்கு வரி, உப்புக்கு வேலி

கேள்வி: "காபியை விடுங்கள்" என்று வீட்டில் தினமும் போராட்டம். காபியைத் தடுத்த அரசாங்கம் ஏதாவது உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.
– டிகிரி காபி அடிமை, கும்பகோணம்

பதில்: இந்தப் பக்கத்தை வீட்டில் காட்டிவிடாதீர்கள். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக்குக் காபிக்கொட்டையால் நாட்டுப் பணம் வெளியே போகிறதே என்று கவலை. 1777-ல், எல்லோரும் பழையபடி பீர் குடியுங்கள் என்று அறிக்கை விட்டுப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1781-ல், கொட்டை வறுப்பது அரசாங்கத்தின் தனி உரிமை என்று அறிவித்தார். பிரபுக்கள், அதிகாரிகள் போன்றவர்கள் அனுமதி வாங்கி வறுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் திருட்டுத்தனமாக வறுக்கிறார்களா என்று பிடிக்க, ஓய்வுபெற்ற சிப்பாய்களைத் தெருத்தெருவாக அனுப்பினார். மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பதுதான் அவர்களுடைய உத்தியோகம். வறுக்கிற வாசனையை யாரால் ஒளிக்க முடியும்? மன்னர் 1786-ல் கண்ணை மூடினார். மறு வருஷமே சட்டமும் கண்ணை மூடியது. இத்தனைக்கும் அந்த மன்னரே பெரிய காபிப் பிரியர். உங்கள் வீட்டு அரசாங்கம் எப்படி? மோப்பத்தோடு சரியா, ஃபில்டரையும் பறிமுதல் செய்கிறதா?

கேள்வி: என் மகன் தாடியை எடுக்கவே மாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு தகப்பனார், ஆம்பூர்

பதில்: வரி போடுங்கள். ரஷ்யாவின் மகா பீட்டர் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு 1698-ல் ஊர் திரும்பினார். வரவேற்க வந்த பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே கத்தரித்தார். தாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்குப் பிறகு வரி விதித்தார். கட்டியவருக்கு ஒரு உலோக வில்லை தருவார்கள். அதில் மூக்கு, மீசை, தாடி பொறித்து, 'பணம் பெறப்பட்டது' என்று எழுதியிருக்கும். முகத்தில் தாடி இருந்தால் பையில் வில்லை இருந்தாக வேண்டும். கிராமத்து விவசாயிக்குச் சொந்த ஊரில் தாடி இலவசம். நகர வாசலைத் தாண்டினால்தான் காசு. ஒரு எச்சரிக்கை: வரியை உங்கள் மகன் உங்களிடமே வாங்கிக் கட்டுவான்.

கேள்வி: என் பிறந்தநாள் செப்டம்பர் 7. அந்தத் தேதியில் சரித்திரத்தில் விசேஷமாக என்ன நடந்தது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: 1752-ல் லண்டனில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவர் பிறக்கவில்லை, ஒருவர் சாகவில்லை, ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தேதியே வரவில்லை என்றால் எப்படி நடக்கும்? செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் விடிந்து எழுந்தபோது வியாழக்கிழமை, செப்டம்பர் 14.

பழைய நாள்காட்டி சூரியனுக்குப் பின்தங்கிப் போய்க்கொண்டிருந்ததைப் போப் 13-ஆம் கிரகரி 1582-லேயே சரிசெய்துவிட்டார். போப் சொல்லி நாம் கேட்பதா என்று புராட்டஸ்டன்ட் இங்கிலாந்து 170 வருஷம் முறைத்துக்கொண்டு நின்றது. கத்தோலிக்க பிரான்ஸ் அதே 1582-ல் மாறிவிட்டது. இந்தக் கூத்தின் நல்ல காட்சி நம் கடற்கரையில்தான் நடந்தது. சென்னையில் ஆங்கிலேயர், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இரண்டு ஊருக்கும் நடுவே நாலைந்து நாள் நடைதான். தேதியில் மட்டும் 11 நாள் இடைவெளி. 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தது ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. கோட்டை ஒன்று, விழுந்த நாளும் ஒன்று. பரீட்சையில் இதற்கு மார்க் குறைத்தால் நீங்கள் தாராளமாக வாதாடலாம்.

'எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு' என்று லண்டனில் கலவரம் வெடித்ததாகச் சொல்வார்கள். அது ஹோகார்த் வரைந்த தேர்தல் கேலிச் சித்திரம் ஒன்றிலிருந்து ஊதிப் பெரிதான கதை. ஜனங்கள் பேசாமல் விட்டுக்கொடுத்தார்கள், கஜானாதான் விடவில்லை. அப்போது அங்கே வரிக்கணக்கு வருஷம் மார்ச் 25-ல் பிறக்கும். 11 நாள் குறைந்த வருஷத்துக்கு முழு வரி கேட்க முடியாதே என்று அதை ஏப்ரல் 5-க்குத் தள்ளினார்கள். 1800-ல் இன்னும் ஒரு நாள். பிரிட்டனில் வருமான வரி வருஷம் இன்றைக்கும் ஏப்ரல் 6-ல்தான் தொடங்குகிறது.

கேள்வி: ராஜராஜ சோழன் சாம்பார் சாப்பிட்டிருப்பாரா?
– சமையல்காரர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் வைக்கிற சாம்பாரைச் சாப்பிட்டிருக்க முடியாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் கப்பல் ஏறியது 1492-ல். ராஜராஜன் ஆட்சி முடிந்தது 1014-ல். பருப்பு, புளி, மிளகு, சீரகம், கடுகு, நெய், தயிர் எல்லாம் இருந்தன. ஆகவே பட்டினி கிடந்தார் என்று பயப்பட வேண்டாம். சரித்திரப் படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோழர் காலத்துச் சந்தையில் மிளகாய் வற்றலைக் குவித்து வைக்காதீர்கள். அந்தச் சிவப்பு கேமராவுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எந்த நாட்டுத் தபால் தலையில் நாட்டின் பெயர் இருக்காது?
– தபால் தலை சேகரிப்பவர், காரைக்குடி

பதில்: பிரிட்டன். 1840-ல் முதல் தபால் தலையை அச்சடித்தபோது உலகத்தில் வேறு தபால் தலையே கிடையாது. யாரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவது?

கேள்வி: என் கணவர் ரேஷன் கடைக்குப் போனால் திரும்ப நாலு மணி நேரம் ஆகிறது. இதைவிடத் தாமதமாக வந்த ஆள் யாராவது உண்டா?
– குடும்பத் தலைவி, சேலம்

பதில்: உண்டு, அவர் பெயர் சரித்திரத்திலேயே நிற்கிறது. ஜப்பானின் ஷிசோ கனகுரி 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். கப்பலும் ரயிலுமாக 18 நாள் பயணம் செய்து வந்த உடம்பு, வெளியே கொளுத்துகிற வெயில். பாதி வழியில் துவண்டு போனவரை ஒரு வீட்டார் உள்ளே அழைத்துப் பானம் கொடுத்தார்கள். அங்கேயே ஓய்ந்துவிட்டார். வெட்கத்தில் போட்டி நடத்தியவர்களிடம் சொல்லாமலே ஊருக்குக் கிளம்பிவிட, ஸ்வீடன்காரர்கள் காணாமல் போனவர் கணக்கில் அவரை எழுதி வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்து 1967-ல் மறுபடி அழைத்தார்கள். வந்தார், ஓடினார், கோட்டைத் தொட்டார். மொத்த நேரம்: 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20.3 வினாடி. நடுவில் கல்யாணம், 6 பிள்ளைகள், 10 பேரப்பிள்ளைகள். அந்த .3 வினாடியைக் கணக்கிட்டாரே ஒரு மகானுபாவர், அவருக்கு ஒரு கும்பிடு. உங்கள் கணவர் அரிசியோடு வருகிறாரா? அப்படியானால் மன்னித்துவிடுங்கள்.

கேள்வி: சீனாவில் பெருஞ்சுவர் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஏதாவது கட்டினார்களா?
– பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: கட்டவில்லை, வளர்த்தார்கள். உப்பளத்து ஊரிலிருந்து கேட்கிறீர்கள். பதிலும் உப்பில்தான் இருக்கிறது.

வங்காள மாகாணத்தில் வெள்ளைக்காரர்கள் உப்புக்குத் தாங்க முடியாத வரி போட்டிருந்தார்கள். மேற்கே சமஸ்தானங்களில் உப்பு மலிவு. பம்பாய், சென்னை மாகாணங்களிலும் வரி குறைவு. மலிவான உப்பு சும்மா இருக்குமா? மூட்டை கட்டிக்கொண்டு ராத்திரியில் நடந்தது. தடுக்க ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869 வாக்கில் அது சிந்து நதியிலிருந்து ஒரிசாப் பக்கம் வரை 2,300 மைல் நீண்டது. காவலுக்கு ஏறக்குறைய 12,000 ஆட்கள்.

முதலில் வெட்டிய முள்ளைக் குவித்து வேலி போட்டார்கள். கரையான் தின்றது, காற்று அடித்துப் போனது, நெருப்புப் பிடித்தது. சரி, உயிர்வேலியே வைத்துவிடுவோம் என்று கருவேல், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று நட்டார்கள். மண் மோசமான இடத்தில் நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளம் வரும் இடத்தில் கரை கட்டினார்கள். நூற்றுக்கணக்கான மைலுக்குப் பத்தடி உயரத்தில், ஆள் நுழைய முடியாத அடர்த்தியில் அது வளர்ந்து நின்றது. ஏழை ஒருவன் கஞ்சிக்கு உப்பு எடுத்து வரக் கூடாது என்பதற்காக இத்தனை தோட்ட வேலை! 1879-ல் கோட்டைக் கைவிட்டார்கள். இரக்கத்தால் அல்ல, உற்பத்தியாகும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது.

வேலியை மும்முரமாக வளர்த்த சுங்க அதிகாரி யார் தெரியுமா? ஏ.ஓ. ஹியூம். 1885-ல் காங்கிரஸ் உருவாக முன்னால் நின்ற அதே ஹியூம்தான். 1930-ல் அந்தக் காங்கிரஸ் காந்தி தலைமையில் தண்டியிலும், ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்திலும் உப்பு அள்ளியது. ஹியூம் அதற்கு 18 வருஷம் முன்பே காலமாகிவிட்டார். கொடுத்துவைத்தவர்.

வேலி பின்னால் மறந்தே போயிற்று. ராய் மாக்ஸம் என்ற லண்டன்காரர் பழைய புத்தகம் ஒன்றில் ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்கு வந்து அலைந்து தேடி, 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். அது வரை நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரி இடமில்லை. கலிங்கப் போர் எந்த ஆண்டு என்று மட்டும் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேள்வி: செருப்பு விலை ஏன் 999 ரூபாய்? அந்த ஒரு ரூபாயை யார் திருப்பித் தருகிறார்கள்?
– பேரம் பேசுபவர், மதுரை

பதில்: ஒருவரும் தருவதில்லை. 9-ல் முடியும் விலைக்குச் செக் நாட்டில் 'பாட்டா விலை' என்றே பெயர். அந்தச் செருப்புக் கம்பெனி பிறந்த ஊர் அங்கேதான். நம்மில் பலர் பாட்டா நம்ம ஊர்க் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். செக்காரர்களிடம் சொன்னால் வருத்தப்படுவார்கள்.

கேள்வி: போப்பாண்டவர் யானை வளர்த்தாராமே, நிஜமா?
– யானைப் பிரியர், திருச்சூர்

பதில்: நிஜம். போர்ச்சுகல் மன்னர் மனுவேல், பத்தாம் லியோ போப்புக்கு இந்தியாவிலிருந்து வரவழைத்த யானை ஒன்றைப் பரிசளித்தார். பெயர் ஹன்னோ. 1514-ல் ரோமாபுரி வீதியில் ஊர்வலம் வந்து, போப்புக்கு முன் மூன்று முறை மண்டியிட்டு, பிறகு தண்ணீரை உறிஞ்சிக் கூடியிருந்தவர்கள் மேல் பீய்ச்சியது. போப்புக்குக் கொள்ளை ஆசை. இரண்டே வருஷத்தில் யானைக்கு உடம்பு சரியில்லை. கூடிய வைத்தியர்கள் தங்கம் கலந்த பேதி மருந்தைக் கொடுத்தார்கள். யானை போய்விட்டது. போப் ராஃபேலை அழைத்து அதன் படத்தை வரையச் சொன்னார். ஒரு பாகனைக் கேட்டிருந்தால் கரும்பையும் கொஞ்சம் விளக்கெண்ணெயையும் சொல்லியிருப்பார்.

கேள்வி: ரயிலைத் தவறவிட்டதற்கு நியாயமான காரணம் என்ன சொல்லலாம்?
– சீசன் டிக்கெட்காரர், அரக்கோணம்

பதில்: 1890-ல் பம்பாயில் இருந்திருந்தால் அருமையான காரணம் உண்டு. இந்திய ரயில்கள் அப்போது ஓடியது சென்னை நேரத்தில். நுங்கம்பாக்கம் வானாய்வகம் வைத்த மணி. பம்பாய்க் கடிகாரம் அதைவிட அரை மணி பின்னால், கல்கத்தாக் கடிகாரம் அரை மணி முன்னால். 1906-ல் நாட்டுக்கு ஒரே நேரம் வந்த பிறகும் பம்பாய் முரண்டு பிடித்து 1955 வரை தன் நேரத்தை விடவில்லை. அரக்கோணத்துக்கு அந்தச் சலுகை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கேள்வி: ஐந்து நாள் டெஸ்ட் போரடிக்கிறது என்கிறார் என் பேரன். என்ன பதில் சொல்வது?
– பழைய ஆட்டக்காரர், சேப்பாக்கம்

பதில்: 1939 மார்ச்சில் டர்பனில் நடந்ததைச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் முடிவு தெரியும் வரை ஆடுவது என்று ஒப்பந்தம். மார்ச் 3-ல் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்கு இலக்கு 696. மார்ச் 14-ல் 5 விக்கெட்டுக்கு 654 எடுத்துவிட்டார்கள்; 42 ரன்தான் பாக்கி. அப்போது மழை. காத்திருக்கலாம் என்றால் கேப் டவுனில் ஊருக்குப் போகும் கப்பல் நிற்கிறது. அதைப் பிடிக்க டர்பனிலிருந்து ரயில் ஏற வேண்டும். ஆட்டத்தை டிரா என்று எழுதிவிட்டு மூட்டையைக் கட்டினார்கள்.