சுப்பர் கொல்லையில் ஒரு ஜங்ஷன்: மறுசோதனை இயலுக்கு ஓர் அறிமுகம்

சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்ற பழமொழிக்கு இதுவரை விளக்கம் சொன்னவர்கள் சுப்பரைப் பார்த்தார்கள், கொல்லையையும் பார்த்தார்கள், ஆன்டிவைரஸைப் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. ஆய்வுப்பொருள், அலுவலகம் கொடுத்த லேப்டாப். ஆய்வுக்காலம், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்கேன் தானாகத் தொடங்கியது முதல், சேலம் பஸ்ஸைப் பிடிக்க நான் மடிவாளாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வரை.

இரண்டு மணிக்கு லேப்டாப்பின் விசிறி, விசில் அடிக்கப் போகும் குக்கரின் நிலையை எட்டியது. ஸ்கேன் ஜன்னலின் அடியில் கோப்புப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் என் வீட்டு மின்கட்டண ரசீது ஒருமுறை போயிற்று. சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் போயிற்று. அதே ரசீதுதான், முன்னால் நீண்டிருந்த பாதை மட்டும் வேறு. மூன்றாவது முறை கண்டதும் ஹெல்ப் டெஸ்கைக் கூப்பிட்டேன். வந்த தம்பிக்குத் தருமபுரிப் பக்கம். "அது பாட்டுக்கு ஓடட்டும்ணா, ஒரு கட்டத்துல தானா நின்னுரும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நன்னூலின் பத்துக் குற்றங்களில் மூன்று அடங்கியிருப்பதை அவர் அறியமாட்டார். பார்த்ததையே பார்ப்பது கூறியது கூறல். ஓடி ஓடி நிற்பது சென்று தேய்ந்திறுதல். கடைசியில் 'ஆபத்து எதுவும் இல்லை' என்று வருவது நின்று பயனின்மை.

இந்த மறுசோதனை நோய்க்குக் காரணம் இணைப்பு. ஒரு ஃபோல்டருக்கு இன்னோர் இடத்திலிருந்தும் வாசல் வைப்பதை யூனிக்ஸ் உலகில் பரப்பியது 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி. அதே 1983இல்தான் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை வேறு யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 2000இல் இதே வசதி வந்தபோது அதற்கு 'ஜங்ஷன்' என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவர் அமெரிக்காவில் உட்கார்ந்து வைத்தார் என்பதை ஏற்க என் மனம் மறுக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரின் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் நின்றவருக்கே அந்தச் சொல் தோன்றியிருக்கும்.

2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டர் 'யூசர்ஸ்' ஆயிற்று. பழைய பெயரையே மனப்பாடம் செய்திருந்த மென்பொருள்கள் வழி தெரியாமல் நிற்கக்கூடாதே என்று, பழைய பெயரில் ஒரு ஜங்ஷனை நிறுத்திப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2014 நவம்பர் 1 அன்று பேங்களூர் பெங்களூரு ஆனதும் இதே கதைதான் (தமிழருக்கு ஓர் உகரம் மட்டுமே கூடுதல் செலவு). பழைய பெயர் எழுதிய கடிதமும் வந்து சேர்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. பேங்களூர் வேறு, பெங்களூரு வேறு என்று நம்பி இரண்டிலும் மக்கள்தொகை எடுக்க ஒருவர் கிளம்பினால்தான் சிக்கல்.

இதைவிட முற்றிய வகை ஒன்றும் அதே விஸ்டாவில் உண்டு. 'லோக்கல்' என்ற ஃபோல்டருக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' என்று ஒரு ஜங்ஷன். அது காட்டும் இடம் அதே 'லோக்கல்'. கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த வீட்டின் வாசலே வருகிறது. தர்க்க நூலார் இதைத் தன்னைப் பற்றுதல் என்பார்கள். இதன் உறவுக் குற்றங்கள் ஒன்றையொன்று பற்றுதல், சக்கரகம், அனவத்தை. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியான ரோபோகாப்பிக்கே 'ஜங்ஷனுக்குள் போகாதே' என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

இனி கணக்கு. டி டிரைவில் 'சுப்பர்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மின்கட்டண 'ரசீது', கூடவே சுப்பரையே காட்டும் 'கொல்லை' என்ற ஜங்ஷன் என வைத்துக்கொள்வோம். விண்டோஸில் பாதையின் பழைய எல்லை 260 எழுத்து. முடிவுக்குறி ஒன்று போக மிச்சம் 259. கொல்லை என்பது தொல்காப்பியர் கணக்கில் மூன்றெழுத்து. யூனிகோடு துணைக்குறிகளையும் தனியே எண்ணுவதால் ஆறு, சாய்கோட்டோடு ஏழு. டிரைவ் பெயரும் சுப்பரும் சாய்கோடுகளும் சேர்ந்து 11. ரசீது, நான்கெழுத்து நீட்டிப்போடு 9. ஆக 34 கொல்லைகள் கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் ஒரு ஸ்கேன், சுப்பர் வீட்டில் நேராகப் பார்த்ததையும் சேர்த்து, அந்த ஒற்றை ரசீதை 35 முறை பார்த்துவிட்டுத்தான் நிற்கும். தருமபுரித் தம்பி சொன்ன 'ஒரு கட்டம்' இதுவே. லினக்ஸ் இதைவிடச் சற்றே கூடுதல் பொறுமை காட்டும், ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு. ஒரே பாதையில் 40 இணைப்புகளைத் தாண்டினால் கையை விரித்துவிடும்.

ஒப்பீட்டுக்காகக் கள ஆய்வு ஒன்றும் செய்தேன். எங்கள் வளாகத்தில் பெரிய கேட், கட்டட வாசல், மாடி லிஃப்ட் என மூன்று இடங்களில் பை திறக்கப்படுகிறது. "பேக் ஓபன் மாடி சார்" என்று கன்னடத்தில் கேட்டு, மூங்கில் குச்சியால் என் டிபன் பாக்ஸை லேசாகத் தட்டிப் பார்ப்பார் கட்டட வாசல் செக்யூரிட்டி. உள்ளே புளியோதரை. டீ குடிக்க இறங்கி ஏறினால் அதே குச்சி, அதே பாக்ஸ், இம்முறை காலி. நான்கு வருடமாக என் முகம் அவருக்குத் தெரியும், என் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா என்றுகூடக் கேட்பார், கேட்டுக்கொண்டே தட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் சோதிப்பதற்கு, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஞாபகம் வைப்பது கணினிக்கு அப்படியொன்றும் கடினமல்ல. பெயர் எத்தனை இருந்தாலும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஓர் எண் உண்டு. யூனிக்ஸில் அது ஐநோடு எண். எந்த டிஸ்க், எந்த எண் என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும், இரண்டாவது முறை வாசலிலேயே திரும்பிவிடலாம். கிளாம்ஏவி என்ற இலவச ஸ்கேனர் இன்னும் சிக்கனம்: வழியில் எதிர்ப்படும் ஃபோல்டர் இணைப்புகளுக்குள், வெளிப்படையாகச் சொன்னாலன்றி, அது போவதே இல்லை.

எண்ணைத்தான் நம்ப வேண்டும், பெயரை அல்ல என்பதற்குச் சான்று பெங்களூரிலேயே இருக்கிறது. இங்கே மெஜஸ்டிக் பஸ் நிலையம் கெம்பேகவுடா, மெட்ரோ நிலையம் கெம்பேகவுடா, விமான நிலையமும் கெம்பேகவுடா. 'கெம்பேகவுடாவை ஏற்கெனவே பார்த்தாயிற்று' என்று மெஜஸ்டிக்கிலேயே திரும்பிவிடும் ஸ்கேனருக்கு, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வைரஸ் விமானமேறுவது தெரியப்போவதில்லை.

இவ்வளவையும் தொகுத்து ஹெல்ப் டெஸ்குக்கு ஒரு டிக்கெட் போட்டேன். பதில் வராததால் புதன்கிழமை இன்னொன்று போட்டேன். அடுத்த வெள்ளி மதியம், விசிறி மறுபடி இரையத் தொடங்கிய நேரத்தில், இரண்டும் மூடப்பட்டதாக மெயில் வந்தது. முதல் டிக்கெட்டில், 'இது ஏற்கெனவே பதிவான புகார், இரண்டாவது டிக்கெட்டைப் பார்க்கவும்' என்று ஓர் இணைப்பு. சொடுக்கினேன். இரண்டாவதிலும் அதே குறிப்பு, முதல் டிக்கெட்டுக்கு ஓர் இணைப்பு. தர்க்க நூலார் பட்டியலில் இதுவரை உதாரணமில்லாமல் நின்ற ஒன்றையொன்று பற்றுதலும் கிடைத்துவிட்டது. நான்காவது முறை சொடுக்கியபோது மணி ஐந்தரை. சேலம் பஸ் மடிவாளாவில் ஏழு மணிக்கு.